பனிக்காலச் சைக்கிளும் கறுப்பு ஜெர்கினும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்துவிட்டால் கொங்கு வட்டாரத்துச் சாலைகளில் விடியக்காலம் சைக்கிள் மிதிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நிறத்துக்கு மாறிவிடுகிறார்கள். கறுப்பு ஜெர்கின், கருநீல ஸ்வெட்டர், பழுப்புச் சால்வை, காதை மூடிய மங்கி குல்லா. உடம்புக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அந்த இடத்தில் தார்ச்சாலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. சித்திரையில் வெள்ளைச் சட்டையோடு போகிற அதே ஆள், குளிருக்குப் போர்த்திக்கொண்டதாலேயே கண்ணில் படாமல் போகிறார். குளிரையும் இருட்டையும் வெவ்வேறு சங்கதியாக நினைப்பதால் வரும் வினை இது. எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக எதைப் போடுகிறோமோ அதுதான் வண்டிக்காரர் கண்ணில் படும். ஆகவே குளிர் தாங்கும் துணியே வெளிச்சத்தில் பளிச்சிடவும் வேண்டும். இதைச் செய்யும் விதத்தை உங்கள் வாசகர்களுக்கு விளக்கமாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் நேரக் கணக்கு. டிசம்பர் முதல் தேதி கோவையில் பொழுது கிளம்புவது 6.25 வாக்கில். பகல் மிகக் குறைவாக இருப்பது டிசம்பர் 21, 22-ல்தான் என்றாலும், சூரிய உதயம் அதற்குப் பிறகும் தள்ளிக்கொண்டே போகும். பொங்கல் சமயத்தில் 6.45 ஆகிவிடும், ஜனவரி கடைசி வரை அதே கதைதான். "மார்கழி கழிந்தால் சீக்கிரம் வெளுத்துவிடும்" என்று பலரும் நம்புவது சரியல்ல. தை மாதம் முழுக்க காலை 6 மணி இருட்டுதான். அந்த இருட்டில் சொசைட்டிக்குப் பால் கேன் கொண்டுபோகிறவர், மில்லில் காலை ஷிப்டுக்குப் போகிறவர், பேப்பர் போடும் பையன், பூப் பறிக்கப் போகும் பெண்கள், ஸ்பெஷல் கிளாசுக்குப் போகும் பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் சாலையில் இருக்கிறார்கள். அதே வேளையில் இரவெல்லாம் ஓட்டிக் களைத்த சபரிமலை வேன்கள் வரும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஓரத்தை நிறைத்துக்கொண்டு நடப்பார்கள். உடுமலை, பல்லடம் பக்கம் பாதிச் சாலையில் மக்காச்சோளம் காய்கிறது. ஓரம் இல்லாமல் போனால் சைக்கிள்காரர் நடுவுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். 2017 ஏப்ரலில் இருந்து வந்த புது இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போது முகப்பு விளக்கு தானாகவே எரியும். சாலையில் மற்ற எல்லாவற்றுக்கும் வெளிச்சம் இருக்கிறது என்று ஓட்டுநர்களின் கண் பழகிவிட்டது. வெளிச்சமில்லாத சைக்கிள் முன்னைவிட இப்போது இன்னும் மறைவு.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால் அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக் உள்ள கார், காய்ந்த சாலையில் நிற்க மேலும் 23 மீட்டர் வாக்கில் எடுத்துக்கொள்ளும். ஆக 48 மீட்டர். லோடு ஏற்றிய லாரிக்கு இது போதாது. டிம் வெளிச்சத்தில் கறுப்பு உடைக்காரர் தெரிவதோ 30-லிருந்து 50 மீட்டருக்குள். கண்டவுடன் பிரேக் அடித்தாலும் நிறுத்த இடம் கிடையாது. ஒளியைத் திருப்பும் நாடா ஒன்று உடம்பில் இருந்தால் 150 மீட்டருக்கு அப்பாலேயே தெரிந்துவிடும்.

இந்த நாடாவை நம் ஊரில் ரேடியம் ஸ்டிக்கர் என்கிறோம். அதில் ரேடியம் கிடையாது; தானாக ஒளிர்வதும் இல்லை. மேற்பரப்பில் மணல்போல நுண்ணிய கண்ணாடி மணிகளோ, தேன்கூடு மாதிரி கட்டம் கட்டிய சிறு பட்டகங்களோ இருக்கும். விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதுதான் அவற்றின் வேலை. அதனால்தான் ஹெட்லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அது பளிச்சென்று தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் நமக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். கடையில் ஏமாறுவதும் இங்கேதான். வெறும் வெள்ளிப் பளபளப்புள்ள துணியை ரேடியம் என்று கொடுத்துவிடுவார்கள். எண்ணும் பேரும் வெட்டி ஒட்டுகிற சாதாரண வினைல் ஸ்டிக்கரும் அந்தப் பெயரிலேயே விற்கிறது. சோதிப்பது எளிது. கடையின் இருட்டான மூலையில் நாடாவைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளி நின்று, செல்போன் டார்ச்சை நம் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தை ஒட்டி வைத்துப் பாருங்கள். உண்மையான நாடா பூனைக்கண் மாதிரி எரியும். டார்ச்சை இடுப்புக்கு இறக்கினால் சட்டென்று மங்கும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி மினுங்கினால் அது வெறும் பளபளப்புத் துணி.

கிளிப்பச்சை, ஆரஞ்சு நிறத்து ஜாக்கெட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. அந்த நிறத்தின் துலக்கம் வானத்து வெளிச்சத்தைக் கொண்டு வருவது. கிழக்கு வெளுக்கத் தொடங்கிய பிறகு மிக நன்றாக வேலை செய்யும். கும்மிருட்டில் அது வெறும் வெளிர் நிறம்தான். சாலை வேலைக்காரர்கள் போடுகிற வலை ஜாக்கெட்டில் பளிச்சென்ற நிறமும் சாம்பல் நாடாவும் சேர்ந்தே இருப்பதால் இரண்டு நேரத்துக்கும் உதவும். ஸ்வெட்டருக்கு மேல் போடும்படி ஒரு சைஸ் பெரியதாக வாங்க வேண்டும். ஜெர்கினுக்கு உள்ளே போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அதில் பயன் ஒன்றும் இல்லை. முதுகில் பை மாட்டுகிறவர்கள் பையிலும் நாடா வைக்க வேண்டும், ஏனென்றால் ஜாக்கெட்டின் முதுகுப் பட்டையைப் பை மறைத்துவிடும்.

உடம்பில் ஒரே ஓர் இடத்தில்தான் நாடா போட முடியும் என்றால் கணுக்காலில் போடுங்கள். முதுகில் அசையாமல் தெரிகிற ஒளி மைல்கல்லா, பாலத்துக் கட்டையா, நிறுத்தி வைத்த வண்டியா என்று ஓட்டுநருக்குப் பிடிபடாது. மேலும் கீழும் மாறி மாறி ஏறி இறங்கும் இரண்டு ஒளி சைக்கிள் மிதிக்கிற கால்தான் என்று அடுத்த கணமே விளங்கிவிடும். 4 அல்லது 5 செ.மீ. அகலத்தில் வெல்க்ரோ வைத்த பட்டை இரண்டு போதும். பேண்ட்டுக்கு மேலே சுற்றிக் கட்டினால் வலது கால் துணி செயினில் மாட்டாமலும் காக்கும். கீழிருந்து காற்று ஏறுவதும் நிற்கும்.

சைக்கிளுக்கு வருவோம். சைக்கிளில் மாட்டுகிற, வெளிச்சத்தைத் திருப்பும் வில்லைகளான ரிப்ளெக்டர்களுக்கு 2020-ல் மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை வெளியிட்டது. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கலாம். முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு, பெடலிலும் பக்கவாட்டிலும் மஞ்சள் என்பது வழக்கம். பெடல் ரிப்ளெக்டர் கணுக்கால் பட்டை செய்யும் அதே வேலையைச் செய்கிறது. பெடல் மாற்றும்போது விலை குறைவாக இருக்கிறது என்று ரிப்ளெக்டர் இல்லாத பெடலை வாங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

பழைய வண்டிக்கு லாரி டேப்பே சிறந்த வழி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரிக்கு பாடி கட்டுகிற ஊர்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. பஸ் பாடி கட்டும் கரூரும் இருக்கிறது. லாரியின் பின்னாலும் பக்கத்திலும் ஒட்டுகிற 5 செ.மீ. அகல டேப் அங்கெல்லாம் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மற்ற ஊர்களிலும் ஆட்டோமொபைல் கடைகளில் கேட்டால் தருவார்கள். ஒரு சைக்கிளுக்குச் சிவப்பு 30 செ.மீ., வெள்ளை 20, மஞ்சள் 40 இருந்தால் தாராளம். பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியில் சிவப்பு 15 செ.மீ., கேரியரின் பின்விளிம்பில் மீதி. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் குழாய் இரண்டிலும் பத்துப் பத்து செ.மீ. வெள்ளை. மஞ்சளை நீளவாக்கில் இரண்டாக நறுக்கி, பெடல் பிடிக்கும் கிராங்கின் இருபக்கமும், செயின் கவரிலும், பின்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களிலும் ஒட்ட வேண்டும். இருபுறமும் வேலி உள்ள இட்டேரி மண்பாதையிலிருந்து பிரதான சாலைக்குக் குறுக்கே வரும்போது பக்கவாட்டு மஞ்சள்தான் காப்பாற்றும்.

ஒட்டுவதில் அவசரப்பட்டால் பத்தே நாளில் உரிந்துவிடும். மட்கார்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகு ஸ்பிரிட்டோ தின்னரோ தொட்ட துணியால் துடைக்க வேண்டும். பெயிண்ட் கரைகிறதா என்று ஓரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் பசையை விட்டுவிடும். விடியக்காலக் குளிரில் பசை பிடிக்காது. வெயில் ஏறிய பிறகு, கையில் தொட்டால் உலோகம் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒட்ட வேண்டும். நான்கு மூலைகளையும் கத்தரியால் உருட்டி வெட்டினால் ஓரம் கிளம்பாது. இழுத்து ஒட்டக் கூடாது; இழுத்த டேப் சுருங்கப் பார்க்கும், ஓரம் தூக்கும். வளைந்த குழாயில் விறைப்பான தேன்கூட்டு டேப் நிற்காது. அங்கே 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி இடைவெளி விட்டு ஒட்டலாம். அல்லது மெல்லிய மணி வகை டேப்பை வைக்கலாம். ஒட்டியபின் காய்ந்த துணியை மடித்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்து, ஒரு பகல் தண்ணீர் படாமல் வைத்திருந்தால் வருஷக்கணக்கில் இருக்கும்.

பனித்துளியும் சேறும் நாடாவின் எதிரிகள். கண்ணாடி மணி வெளியே தெரியும் துணி நாடா நனைந்தால் மங்கிவிடும்; பிளாஸ்டிக் மேற்பரப்புள்ள டேப் அவ்வளவாக மங்காது. வண்டியை வெளியே எடுக்கும்போது சீட்டைத் துடைக்கிற துணியாலேயே மட்கார்டு டேப்பையும் ஒரு துடை துடைத்துவிட வேண்டும். ஜாக்கெட்டைக் கல்லில் அடித்துத் துவைத்தால், ப்ளீச்சிங் போட்டால், நாடா மேல் இஸ்திரி வைத்தால் மணிகள் உதிர்ந்துபோகும். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, கையால் கசக்கினால் போதும்.

எவ்வளவு ஒட்டினாலும் எதிரே ஹெட்லைட் இல்லாவிட்டால் நாடா ஊமைதான். ஒற்றை விளக்கு எரியும் டிராக்டர், குறுக்குச் சந்திலிருந்து திரும்பும் வேன், இவர்களுக்கு நாம் தெரிய வேண்டுமானால் நம்மிடமே விளக்கு வேண்டும்.

வீட்டில் டைனமோ வைத்த பழைய சைக்கிள் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 6 வோல்ட், 3 வாட் டைனமோ முன் விளக்குக்கும் பின் விளக்குக்கும் போதுமானது. டைனமோவின் தலையில் சுழலும் உருளை, டயரின் பக்கவாட்டில் படிய வேண்டும். டைனமோவின் அச்சைக் கற்பனையில் நீட்டினால் சக்கரத்தின் மையத்தில் போய் நிற்க வேண்டும். கோணம் தப்பினால் டயரை அரைக்கும், மிதியும் கனக்கும். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஒயரைச் சந்தேகப்படும் முன் எர்த்தைப் பாருங்கள். மின்சாரம் திரும்பி வருவது பிரேம் வழியாக. கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் தொடர்பு கிடைக்காது, அந்தச் சிறு இடத்தைச் சுரண்டி ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். முன் பல்ப் போனால் சற்று நேரத்தில் பின் பல்பும் போய்விடும், ஏனென்றால் இரண்டுக்கும் பிரியவேண்டிய மின்சாரம் முழுவதும் ஒன்றின் மேல் ஏறுகிறது. ஆகவே பின் விளக்கு மட்டும் எரிகிறதே என்று வேகமாக மிதிக்கக் கூடாது. டைனமோவின் பெரிய குறை, நின்றால் அணைந்துவிடும். சிக்னலில், ரயில்வே கேட்டில் நிற்கும்போது பின்னால் இருப்பது நாடா மட்டுமே.

சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கு வாங்குகிறவர்கள் தெருவிளக்கு இல்லாத சாலைக்கு முன்னால் 200-லிருந்து 400 லூமென் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) பார்க்கலாம். பின்னால் 20-லிருந்து 50 போதும். அதிக வெளிச்சத்தைவிட அது விழும் கோணம் முக்கியம். எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைத்தால் அவருக்கு நாமும் தெரியமாட்டோம், நமக்கு முன்னால் உள்ள குழியும் தெரியாது. விளக்கு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்தி, வெளிச்சத்தின் நடு சுவரில் அரை மீட்டர் உயரத்தில் விழும்படி சாய்த்து இறுக்குங்கள். சாலையில் அது 10 மீட்டர் முன்னால் விழும். ரப்பர் பட்டையில் தொங்கும் விளக்கு ஒவ்வொரு வேகத்தடைக்கும் கொஞ்சம் குனியும். வாரம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மூடுபனியில் இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள். பவானியை ஒட்டிய கீழ்பவானி வாய்க்கால் மேட்டிலும் ஆழியாறு பக்கத்திலும் பனி திட்டுத்திட்டாக இறங்கும். அதில் முன் விளக்கைச் சிமிட்டவிட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும்.

பின் விளக்கைச் சிமிட்டவிடுவதா, நிலையாக எரியவிடுவதா என்று கேட்பார்கள். சிமிட்டல் சீக்கிரம் கண்ணை இழுக்கும். ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது சிரமம். இரண்டு விளக்கு வைத்து ஒன்றை நிலையாக, ஒன்றைச் சிமிட்டலாக விடுவதே மேல். ஒன்றுதான் இருக்கிறது என்றால் நிலையாக எரியட்டும். பொருத்தும் இடத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. சீட் குழாயில் மாட்டிய விளக்கைக் கேரியரில் உள்ள பால் கேனோ தீவனப் பையோ மறைத்துவிடும், சால்வை நுனி மேலே தொங்கும். சுமை ஏற்றுகிறவர்கள் பின் விளக்கைக் கேரியரின் கடைசி விளிம்பிலோ மட்கார்டின் நுனியிலோ தான் வைக்க வேண்டும். அரசு தரும் சைக்கிள்களின் முன்கூடையில் பை வைத்தால் ஹேண்டில்பார் விளக்கு மறையும். விளக்கைக் கூடையின் முன்புறத்துக்கு மாற்றுங்கள். செல் போடும் விளக்கானால் பழைய செல்லும் புதுச் செல்லும் கலக்கக் கூடாது, பழையது கசிந்து தகட்டை அரித்துவிடும். பச்சை படிந்த தகட்டை உப்புத்தாளால் தேய்த்துத் துளி வாஸ்லின் தடவினால் மறுபடி எரியும்.

விளக்கு விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் எரியட்டும். தை மாதம் 7 மணிச் சூரியன் தென்கிழக்கில் தாழ்வாக நிற்கும். கோவையிலிருந்து சூலூர், பல்லடம் வழியாகக் கிழக்கே போகும் திருச்சி சாலையில் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே வெயில். பட்டப்பகல் போல இருந்தாலும் அவருக்கு முன்னால் போகிற சைக்கிள் நிழலாகத்தான் தெரியும்.

இனி குளிர். சமவெளியில் நமக்கு வருவது உறையவைக்கும் குளிர் அல்ல. காற்றும் வியர்வையும் சேர்ந்து செய்கிற வேலை. மிதிக்க மிதிக்க உடம்பு சூடாகி வியர்க்கும், பருத்தி பனியன் அதை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், நின்றவுடன் அந்த ஈரத்தில் காற்று பட்டுப் பல் கிட்டும். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைப் போடுவதால் இது தீராது. துணியைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவை நம் உடம்புக்கே பயன்படுத்திக்கொள்ளலாம். தோலை ஒட்டி 140-லிருந்து 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பாலியஸ்டர் டி-சர்ட், வியர்வையை வெளியே கடத்திச் சீக்கிரம் காயும். மேலே 200-லிருந்து 240 ஜி.எஸ்.எம். ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற கம்பளி போன்ற துணி. அதற்கும் மேல் காற்றை மட்டும் தடுக்கும் மெல்லிய விண்ட்சீட்டர், முன்னால் ஜிப் வைத்தது. சுடச்சுட ஜிப்பை இறக்கிக்கொள்ளலாம், தலைவழிப் போடும் ஸ்வெட்டரில் அது முடியாது. வீட்டு வாசலில் கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் மூன்றாவது கிலோமீட்டரில் தெப்பமாக நனைந்திருப்பீர்கள். போய்ச் சேரும் இடத்தில் மாற்ற ஒரு காய்ந்த பனியனைப் பாலிதீன் கவரில் சுற்றிப் பையில் வைத்திருப்பது எல்லாவற்றையும்விட உதவும்.

விண்ட்சீட்டர் இல்லாதவர்களுக்குச் செய்தித்தாளே போதும். இரண்டு தாளை மடித்து, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் நெஞ்சிலிருந்து வயிறு வரை வைத்துச் சட்டையைச் செருகிக்கொண்டால் எதிர்காற்று உள்ளே வராது. ஐரோப்பிய மலைகளில் இறங்கும் சைக்கிள் பந்தயக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது இது. தோலில் நேராகப் படக் கூடாது, வியர்வையில் ஊறிவிடும். இந்தப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாயை நோக்கிக் கிழக்கிலிருந்து காற்று அடிப்பதால், பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போகிறவருக்கு நெஞ்சுக் காப்பு கட்டாயம் வேண்டும். திரும்பி வரும்போது காற்று முதுகைத் தள்ளும். அப்போது தாளை எடுத்துவிடுங்கள்.

கை விரல்தான் முதலில் மரத்துப்போகும். நூல் கையுறை காற்றை விட்டுவிடும்; அதற்கு மேல் காற்றுப் புகாத ஒன்று வேண்டும். இறுக்கமான கையுறை ரத்த ஓட்டத்தைத் தடுத்து இன்னும் குளிரவைக்கும் என்பதால் ஒரு சைஸ் தாராளமாக வாங்கி, கடையிலேயே பிரேக் லீவரைப் பிடித்துப் பார்த்து எடுக்க வேண்டும். முழங்கால் மூடியிருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டி மிதிப்பது குளிருக்கும் ஆகாது, செயினுக்கும் ஆகாது. பெண்கள் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டினால் நுனி பின்சக்கரக் கம்பியில் சுற்றிக்கொள்ளும். முன்னால் குறுக்காகக் கொண்டுவந்து பின்னால் முடிந்து ஊக்குக் குத்திவிட வேண்டும். முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டரானால் இந்தக் கவலையே இல்லை. மங்கி குல்லா பக்கப் பார்வையைக் குறைக்கிறது, லாரி வருகிற சத்தத்தையும் அமுக்கிவிடுகிறது. காதின் மேல்பகுதியை மட்டும் மூடும் ஒற்றை மடிப்பு ஹோசியரிப் பட்டை போதும். பெரியவர்கள் கட்டுகிற வெள்ளை உருமாலை கறுப்புக் குல்லாவைவிட எவ்வளவோ மேல், நுனியைச் செருகியிருந்தால் சரி. கண்ணாடி போடுகிறவர்கள் மூக்கை மூடக் கூடாது. மூச்சு மேலே போய்க் கண்ணாடியில் படியும்.

பனிக்காலத்துக்கு உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. இரவெல்லாம் வெளியே நின்ற சைக்கிளின் ரிம்மில் பனி படிந்திருக்கும். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும்; முதல் அழுத்தத்தில் வண்டி நிற்காது. கிளம்பிய உடனே பத்து மீட்டர் தூரத்துக்கு இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடி ஓட்டினால் கட்டையே ரிம்மைத் துடைத்துவிடும். வழியில் பனித் திட்டு தாண்டியதும் மறுபடி ஒருமுறை செய்ய வேண்டும். கேபிளுக்குள் பழைய கிரீஸ் குளிரில் இறுகி லீவர் மெதுவாகத் திரும்பினால், கேபிளின் மேல் வாயில் இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஆட்டிவிடுங்கள். ரிம்மில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. மிதிக்காமலே இறங்குவதால் உடம்பில் சூடு பிறக்காது. காற்று 10 டிகிரி இருக்கும்போது மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது 6 டிகிரி போல இருக்கும். விரல் மரத்தால் பிரேக்கை எவ்வளவு பிடித்தோம் என்பதே தெரியாது. இறங்கத் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி விரலை அக்குளில் வைத்துச் சூடேற்ற வேண்டும்.

இவ்வளவும் தனி ஆள் செய்துகொள்ளக்கூடியவை. இரண்டு வேண்டுகோள் மற்றவர்களுக்கு. பள்ளிச் சீருடை ஸ்வெட்டர் பெரும்பாலும் கருநீலம், மெரூன். நிறத்தை மாற்ற வேண்டாம்; முதுகில் 30 செ.மீ., இரண்டு கை நுனியிலும் ஒவ்வொரு சுற்று நாடா வைத்துத் தைக்கச் சொன்னால் போதும். வலது கை காட்டித் திரும்பும் பிள்ளையின் கை அப்போது தெரியும். திருப்பூரில் தைக்கிறவர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. பின்னல் ஸ்வெட்டரில் சூட்டில் ஒட்டும் வகை வேண்டாம், துணி நீளும்போது அது வெடித்துவிடும். தையல் வகைதான் நிற்கும். நாடாவின் இரண்டு விளிம்பிலும் மட்டும் தையல் போகட்டும். மில்களும் பனியன் கம்பெனிகளும் சைக்கிளில் வரும் தொழிலாளர்களுக்குப் பொங்கலுக்குக் கொடுக்கும் பொருள்களோடு ஒரு ஜோடி கணுக்கால் பட்டையும் சேர்க்கலாம். சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளின் பின் மட்கார்டில் ஒரே மதிய இடைவேளையில் டேப் ஒட்டி முடித்துவிடலாம். அந்த வெயில் நேரம்தான் பசைக்கும் ஏற்றது.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. இருட்டிய பிறகு, வழக்கமாகப் போடுகிற குளிர் உடையோடும் வழக்கமான சுமையோடும் ஒருவரைச் சைக்கிளில் உட்காரவைத்து, முப்பது தப்படி பின்னால் போய்ச் செல்போனில் பிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். பிறகு அதே தூரத்தில் பக்கவாட்டிலும் ஒரு படம். எந்த இடம் படத்தில் கறுப்பாக விழுகிறதோ அங்கே இன்னொரு துண்டு ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்ப்போர் சிலர்,
உடுமலைப்பேட்டை வட்டாரம்